துப்பாக்கி பிள்ளைக்குப் பொருந்தணும்

கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றதிலிருந்து, ஜனக்புரித் தமிழ் வீடுகளிலும் ஏர் ரைபிள் பேச்சுதான். விலை கூடினதை வாங்கினால் போதுமா என்கிறார்கள். போதாது!

பத்து மீட்டர் தள்ளியிருக்கும் பத்துப் புள்ளி வட்டம் அரை மில்லிமீட்டர், குண்டு 4.5 மில்லிமீட்டர். விதி 5.5 கிலோ வரை அனுமதிக்கிறது என்பதற்காகச் சிறுபிள்ளை தோளில் அத்தனையும் ஏற்றலாமா? தராசு பிடித்த கை எனக்கு. எடை எங்கே நிற்கிறது என்றே பார்ப்பேன்.

பின்கட்டையின் நீளம் கைக்கும், கன்னம் சாயும் பலகையின் உயரம் கண்ணுக்கும் ஒத்துவரணும். தலை குனிந்து குறி தேடினால் கழுத்து இறுகும், குறி நகரும். வளர்கிற பிள்ளைக்கு இந்த அளவுகளை அடிக்கடி திருத்தணும். அதற்கு இடம் தராத துப்பாக்கி எத்தனை மலிவானாலும் வேண்டாம்.