பூனை வாய்க்குத் தப்பிய கோழி

ஊரூர் ஆல்காட் குப்பத்திலும் நொச்சிக்குப்பத்திலும் படகு நிழலில் கோழி மேய்வதைப் பார்க்கலாம். கொல்லைப்புறம் மிச்சமிருக்கும் மயிலாப்பூர் வீடுகளிலும் தி. நகர் மொட்டை மாடிகளிலும்கூட இரண்டு மூன்று வளர்ப்பவர்கள் உண்டு. தி. நகருக்குப் பக்கத்து நந்தனத்தில் இருந்த கோழியின ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய இனத்துக்கு ‘நந்தனம் கோழி’ என்றே பெயர். அடுக்குமாடிகள் சூழ்ந்துவிட்டாலும் தென்சென்னையும் கோழிக்குச் சொந்தமான ஊர்தான்.

பகையும் உண்டு. தெரு நாய், பூனை; கிண்டி, அடையாறு பக்கம் கீரிப்பிள்ளை; குஞ்சென்றால் காக்கையும் பருந்தும். அந்தி நேரத்தில் அலறல் கேட்டு ஓடினால் பூனை மதிலேறிப் போயிருக்கும். கோழி மூலையில் ஒடுங்கி நிற்கும். சிறகுக்கடியில் ரத்தம். 1903-இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் மருத்துவமனை இருக்கிறது; ஆனால் போய்வரும் ஆட்டோ செலவு கோழியின் விலையைத் தொட்டுவிடும். அதனால் வைத்தியம் பெரும்பாலும் மஞ்சளும் வேப்பெண்ணெயுமாக வீட்டிலேயே முடிகிறது. அதில் தவறில்லை. மனிதருக்குச் செய்வதை அப்படியே கோழிக்கும் செய்யும்போதுதான் வினை வருகிறது.

பிடிப்பதிலேயே அது தொடங்கிவிடுகிறது. நமக்கு இருப்பதுபோல் கோழிக்கு உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போகும். துடிக்கிறதே என்று மார்பை இறுக்கிப் பிடித்தால் மூச்சு நின்றுவிடும். பழைய துண்டைத் தளர்வாகச் சுற்றி, தலையை லேசாக மூடினால் தானே அடங்கும்.

அடுத்தது ரத்தம். ஒன்றரைக் கிலோ கோழியின் உடலில் ஓடும் ரத்தம் மொத்தமே சுமார் 100 மில்லி, ஒரு சின்னக் காபி டம்ளர் அளவு. அதில் நாலைந்து டீஸ்பூன் போனாலே ஆபத்து. சுத்தமான துணியை வைத்து ஐந்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நின்றதா என்று அரை நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கக் கூடாது.

கழுவுவதற்குக் கொதித்து ஆறிய அரை லிட்டர் நீரில் தலைதட்டி ஒரு டீஸ்பூன் உப்பு போதும். போவிடோன் அயோடின் இருந்தால் வெளிறிய டீ நிறத்துக்கு நீர்த்துக்கொள்ளலாம். சிறகின் மேலெலும்பு முறிந்து வெளியே தெரிந்தால் மட்டும் நீரை ஊற்றக் கூடாது. அந்த எலும்பு உள்ளீடற்றது, காற்றுப்பைகளோடு இணைந்தது. அதில் ஊற்றுவது மூச்சு வழியில் ஊற்றுவதற்குச் சமம். ஈரத்துணியால் ஓரங்களைத் துடைத்து, சிறகை உடலோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி, ஆட்டோ செலவைப் பாராமல் மருத்துவரிடம் போக வேண்டிய காயம் அது.

சீழ் விஷயத்திலும் கோழி வேறு. நமது வெள்ளணுக்களில் உள்ள மைலோபெராக்சிடேஸ் என்ற நொதி கோழியின் ஹெட்டெரோபில் அணுக்களில் இல்லை. அதனால் சீழ் இளகி வடிவதில்லை. பனீர்போல் கெட்டியாகத் தங்கிவிடுகிறது. பாதத்தின் அடியில் கறுப்புப் பொருக்குடன் வரும் வீக்கம் இந்த வகை. பழுத்து உடையும் என்று காத்திருந்தால் உடையவே உடையாது. மருத்துவர் கீறித் தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

பூனைக் கடிக்குத் தனிக் கணக்கு. வெளியே இரண்டு ஊசித்துளைதான் தெரியும். ஆனால் பூனையின் வாயில் சாதாரணமாகவே வாழும் பாஸ்சுரெல்லா மல்டோசிடா என்ற பாக்டீரியாதான் கோழிக் காலராவுக்கும் காரணம். லூயி பாஸ்டர் இந்தக் கிருமியை வலுவிழக்கச் செய்து கோழிகளுக்குப் போட்டு, நோயைத் தடுக்க முடியும் என்று 1880-இல் காட்டினார். ஆய்வகத்தில் உருவான முதல் தடுப்பூசி அது. கிருமியின் பெயரிலும் பாஸ்டர் ஒட்டிக்கொண்டுவிட்டார். ஆக, பூனை கடித்த கோழிக்கு மஞ்சள் மட்டும் போதாது. தகுந்த ஆன்டிபயாடிக்கை மருத்துவர் எழுதித் தர வேண்டும். முட்டையை எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

வலியைக் கோழி வெளிக்காட்டாது. நொண்டுவது எதிரியின் கண்ணில் பட்டால் அடுத்த இரை அதுதானே. வலியே இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். வலிநிவாரணி கலந்த தீனி, கலக்காத தீனி இரண்டையும் வைத்தபோது, நொண்டும் கோழிகள் மருந்துத் தீனியை அதிகமாகத் தேடித் தின்றன. நொண்டல் கூடக்கூட அளவும் கூடியது.

இதைப் படித்துவிட்டு மூட்டுவலி மாத்திரை அட்டையைத் தேடக் கூடாது. வீட்டில் கிடக்கும் டைக்ளோஃபெனாக்தான் தெற்காசியாவின் பிணந்தின்னிக் கழுகுகளைக் கிட்டத்தட்டத் துடைத்தழித்தது. மருந்து ஏற்றப்பட்ட மாட்டின் சடலத்தைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகம் செயலிழந்தது. கழிவான யூரிக் அமிலம் வெளியேற வழியின்றி உள்ளுறுப்புகளின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பாகப் படிந்தது. 2004-இல் காரணம் தெரிந்தது. 2006-இல் கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்த இந்தியா தடை விதித்தது. உடலுக்குள் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடும் அசிக்ளோஃபெனாக்குக்கு 2023 வரை பிடித்தது. கழுகுக்கு நேர்ந்த அதே சிறுநீரகச் சேதத்தை ஆய்வகக் கோழிகளிலும் பார்த்திருக்கிறார்கள். மெலோக்சிகாம் என்ற வலிநிவாரணி பறவைகளுக்குப் பாதுகாப்பானது. அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்துக் காயத்தைச் சுற்றித் தடவுவதில் பெரிய லாபம், ஈ அண்டாமல் இருப்பது. சென்னை வெக்கையில் ஈ வைத்த முட்டை ஒரே நாளில் புழுவாகிவிடும். காலையும் மாலையும் இறகை விலக்கிப் பார்க்க வேண்டும். குளிப்பாட்டியதுபோல் எண்ணெயை ஊற்றிவிட்டால் இறகு உடம்போடு ஒட்டி, சூட்டைக் காக்காமல் போய்விடும். மார்கழி மழையில் நனைந்த கோழிக்கு ஒரு குண்டு பல்பு வேண்டும். கத்திரி வெயிலில் நிழலும் காற்றும் வேண்டும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை.

கழுத்து திருகிக்கொண்டால் அடிபட்டது என்று எண்ணெய் தேய்ப்பவர்கள் உண்டு. அது ராணிக்கெட் எனப்படும் வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். மற்ற கோழிகளை உடனே விலக்க வேண்டும்.

தண்ணீரை வாயில் பீய்ச்சவும் கூடாது. மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. அலகோரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டால் தானே விழுங்கும்.

காயம் ஆறும்வரை தனியே வைப்பது கட்டாயம். சிவப்பைக் கண்டால் மற்றவை கொத்தும். ஆறிய பிறகும் சிக்கல் உண்டு. கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை இருப்பதை நார்வேக்காரர் தோர்லீஃப் ஷெல்டரப்-எப்பே 1920-களின் தொடக்கத்தில் எழுதினார். பத்து நாள் காணாமல் போன கோழி திரும்பி வந்தால் பழைய இடம் காத்திருக்காது. பஞ்சாரத்தைக் கூட்டத்தின் நடுவில் கவிழ்த்து, அதற்குள் மூன்று நான்கு நாள் வைக்க வேண்டும். பிறகு இருட்டியதும் தூக்கிக் கூண்டில் விட்டுவிடலாம். கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. சண்டை விடிந்த பிறகுதான்.