30 ஆயிரம் ரூபாய் சென்ட்டில் அன்னாசி வாசம்: அதே மணம் 3 ஆயிரத்துக்குக் கிடைக்குமா? வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கொல்லிமலைக்குப் போய்விட்டுத் திரும்புபவர்களின் பையில் ஒரு அன்னாசிப் பழமாவது இருக்கும். காரவள்ளி அடிவாரத்தில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனால், எடப்புளி நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு என 'நாடு' என்ற பெயரிலேயே ஊராட்சிகள் இருக்கும். அன்னாசி, மிளகு, காபி, ஆரஞ்சு, பலா எல்லாம் விளையும் மலை இது.

அதே அன்னாசி வாசத்துடன் தொடங்கும் ஒரு சென்ட் உலகம் முழுக்கப் பிரபலம். பெயர் 'அவென்டஸ்'. 'கிரீட்' என்ற நிறுவனம் 2010இல் அறிமுகப்படுத்தியது. இந்தியாவில் இதன் 100 மில்லி பாட்டில் விலை 30 ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது.

இது எவ்வளவு பெரிய தொகை? தமிழ்நாட்டில் 100 நாள் வேலைத் திட்டத்துக்கு 2025-26இல் அறிவிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். அப்படியென்றால் ஒரு பாட்டில் சென்ட்டின் விலை, கிட்டத்தட்ட 90 நாள் கூலி.

ஆனால் மொபைலைத் திறந்தால் ரீல்ஸில் வருவதெல்லாம் இந்த மாதிரி சென்ட்டுகள்தான். கல்லூரி மாணவர்கள் முதல் புதுமாப்பிள்ளை வரை பலருக்கும் ஆசை வருகிறது. 'அதே வாசம், பத்தில் ஒரு பங்கு விலை' என்ற விளம்பரமும் கூடவே வருகிறது. இது உண்மையா, ஏமாற்றா? இரண்டும் உண்டு. எது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் காசு மிச்சம்.

விலை ஏன் இவ்வளவு?

சென்ட் பாட்டிலில் பெரும்பகுதி ஆல்கஹால்தான். அதில் வாசனை எண்ணெய்க் கலவை ஒரு பங்கு மட்டுமே. அந்தப் பங்கு எவ்வளவு என்பதை வைத்துத்தான் பாட்டிலின் மேல் பெயர் எழுதுகிறார்கள். தோராயமாகச் சொன்னால்:

• பர்ஃபம்: 20 முதல் 30 சதவீதம்
• ஓ டி பர்ஃபம்: 15 முதல் 20 சதவீதம்
• ஓ டி டாய்லெட்: 5 முதல் 15 சதவீதம்
• ஓ டி கொலோன்: 2 முதல் 5 சதவீதம்

வாசனைப் பொருட்களில் சில உண்மையிலேயே விலை அதிகமானவை. ஒரு கிலோ ரோஜா எண்ணெய் எடுக்க 3 டன்னுக்கும் மேல் பூ வேண்டும். நம்ம ஊர் மல்லிகையும் இந்தப் பட்டியலில் உண்டு. தமிழ்நாட்டில் பறிக்கும் மல்லிகையில் இருந்து எடுக்கப்படும் சாறு வெளிநாட்டு சென்ட் நிறுவனங்களுக்கு ஏற்றுமதியாகிறது.

ஆனால் எல்லா வாசமும் பூவிலிருந்தும் பழத்திலிருந்தும் வருவதில்லை. சென்ட்டில் வரும் அன்னாசி வாசம் பெரும்பாலும் ஆய்வகத்தில் தயாரித்த மூலக்கூறுகளால் உருவாக்கப்படுவது. 'அல்லைல் ஹெக்சனோயேட்' என்ற வேதிப்பொருளை முகர்ந்தால் அப்படியே அன்னாசி. அதை விலை உயர்ந்த பிராண்டும் வாங்கலாம், விலை குறைந்த பிராண்டும் வாங்கலாம்.

எண்ணெய்க்குக் கொடுப்பது போக மீதிப் பணம் எங்கே போகிறது? பாட்டில், பெட்டி, நடிகர்களை வைத்து எடுக்கும் விளம்பரம், மால் வாடகை, இறக்குமதி வரி, கடைசியாக அந்தப் பெயருக்கு. மாற்று சென்ட் விற்பவர்கள் குறைப்பது பெரும்பாலும் இந்தச் செலவுகளைத்தான்.

வாசத்தை எப்படிக் காப்பி அடிக்கிறார்கள்?

'கேஸ் குரோமட்டோகிராஃபி - மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி' என்று ஒரு சோதனை முறை இருக்கிறது. ஒரு துளி சென்ட்டை அந்தக் கருவியில் செலுத்தினால், அதில் என்னென்ன வேதிப்பொருள், எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும். அதைப் பார்த்து, அனுபவமுள்ள ஒருவர் தன் மூக்கை வைத்து மீதியைச் சரி செய்வார்.

இதில் ஒரு சிக்கல். செயற்கை மூலக்கூறுகளைக் கருவி எளிதில் கண்டுபிடித்துவிடும். இயற்கை எண்ணெய்கள் அப்படி இல்லை. ஒரே எண்ணெயில் நூற்றுக்கணக்கான பொருட்கள் கலந்திருக்கும். அதனால்தான் மாற்று சென்ட்டுகள் 'கிட்டத்தட்ட அதேதான்' என்ற இடம் வரை வந்து நின்றுவிடுகின்றன.

அவென்டஸுக்கு மாற்றாக உலகம் முழுக்கப் பேசப்படும் சென்ட், 'கிளப் டி நுய் இன்டென்ஸ் மேன்'. ஐக்கிய அரபு அமீரகத்தின் 'ஸ்டெர்லிங் பர்ஃபியூம்ஸ்' நிறுவனம் 'ஆர்மாஃப்' என்ற பிராண்டில் 2015இல் கொண்டுவந்தது. இங்கே 105 மில்லி பாட்டில் சுமார் 3 ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. அடித்தவுடன் வரும் முதல் வாசத்தில் எலுமிச்சை தூக்கலாக இருக்கும், கொஞ்சம் காட்டமாகவும் இருக்கும். அரை மணி நேரம் கழித்து இரண்டும் நெருங்கி வரும் என்பதுதான் பயன்படுத்துபவர்கள் பொதுவாகச் சொல்வது.

இது சட்டப்படி சரியா?

வாசத்தைப் போல வாசம் செய்வது வேறு, பெயரைத் திருடுவது வேறு.

ஒரு சென்ட்டின் செய்முறைக்குக் காப்புரிமை வாங்கினால் அதை வெளிப்படையாக எழுதிக் கொடுக்க வேண்டும். 20 ஆண்டுகள் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் செய்யலாம். அதனால் பெரும்பாலான நிறுவனங்கள் அதை ரகசியமாகவே வைத்துக்கொள்கின்றன.

வாசனைக்குப் பதிப்புரிமை உண்டா என்பதில் நீதிமன்றங்களே ஒத்துப்போகவில்லை. 2006 ஜூன் மாதத்தில், சில நாட்கள் இடைவெளியில் இரண்டு தீர்ப்புகள் வந்தன. 'லான்கோம்' நிறுவனத்தின் 'ட்ரெசர்' சென்ட் வழக்கில், வாசனைக்கும் பதிப்புரிமை இருக்கலாம் என்றது நெதர்லாந்து உச்ச நீதிமன்றம். வேறொரு வழக்கில், கிடையாது என்றது பிரான்ஸின் உயர்மட்ட நீதிமன்றம்.

2009இல் 'லோரியல்' தொடர்ந்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. 'எங்கள் இந்த சென்ட், அந்தப் பிராண்டின் அந்த சென்ட் போல இருக்கும்' என்று பட்டியல் போட்டு விற்பது, அந்தப் பிராண்டின் புகழை முறையற்று பயன்படுத்துவது என்று சொன்னது.

இந்தியாவில் பிராண்டின் பெயரையோ லோகோவையோ போலியாகப் போட்டு விற்றால், 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டப்படி 6 மாதம் முதல் 3 ஆண்டுகள் வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்.

ஆக, சொந்தப் பெயரில், சொந்தப் பாட்டிலில், சொந்த முகவரியோடு வருவது மாற்று. பெரிய பிராண்டின் பெயரையே ஒட்டிக்கொண்டு 1,500 ரூபாய்க்கு வருவது டூப்ளிகேட். 'ஃபர்ஸ்ட் காப்பி', 'மாஸ்டர் காப்பி' என்று என்ன பெயர் வைத்தாலும் அது போலிதான்.

உங்களுக்கான மாற்றைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதலில், பிராண்டை மறந்துவிட்டு வாசத்தைப் பாருங்கள். ஒவ்வொரு சென்ட்டுக்கும் மூன்று அடுக்கு உண்டு. அடித்தவுடன் வருவது 'டாப் நோட்'. கொஞ்ச நேரம் கழித்து வருவது 'மிடில் நோட்'. கடைசி வரை தங்குவது 'பேஸ் நோட்'. அவென்டஸில் முதலில் அன்னாசி, ஆப்பிள். பிறகு புகை கலந்த மரவாசம். கடைசியில் கஸ்தூரி, பாசி போன்ற வாசம். எந்த அடுக்கு உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று தெரிந்தால் தேடுவது சுலபம்.

இதற்குப் பெரிய பயிற்சி வேண்டாம். எடப்புளி நாட்டில் இருப்பவர்களுக்கு அஞ்சறைப் பெட்டியும் தோட்டமும் போதும். ஆரஞ்சுத் தோலைக் கிள்ளி முகர்ந்து பாருங்கள். நான்கு மிளகை நசுக்கிப் பாருங்கள். ஒரு துண்டு வெட்டிவேரை நனைத்துப் பாருங்கள். 'ஹெர்மெஸ்' நிறுவனம் 2006இல் கொண்டுவந்த 'டெர் டி ஹெர்மெஸ்' சென்ட்டின் முக்கிய வாசங்களே ஆரஞ்சு, மிளகு, வெட்டிவேர்தான். அந்த வாசம் பிடித்தால், இந்த மூன்றும் உள்ள குறைந்த விலை சென்ட்டைத் தேடலாம்.

இரண்டாவது, முழு பாட்டிலை வாங்காதீர்கள். 5 மில்லி, 10 மில்லி சின்ன பாட்டில்கள் கிடைக்கும். ஒரு முறை அழுத்தினால் சுமார் 0.1 மில்லி வெளியே வரும். 5 மில்லி என்றால் 50 முறை. முடிவெடுக்க அது தாராளம்.

மூன்றாவது, காகிதத்தில் அல்ல, தோலில் அடித்துப் பாருங்கள். முதல் ஐந்து நிமிட வாசத்தை நம்பி வாங்கக் கூடாது. நான்கு மணி நேரம் கழித்தும் வாசம் பிடித்திருந்தால் வாங்கலாம்.

நான்காவது, நீங்கள் இருக்கும் இடம். வெயிலில் சென்ட் வேகமாக ஆவியாகும், வாசம் பலமாக அடிக்கும், சீக்கிரம் தீரும். குளிரில் மெதுவாக வரும். நாமக்கல்லில் கடைக்குள் கமகமத்த சென்ட், கொல்லிமலையின் காலைக் குளிரில் அடங்கித் தெரியலாம். அது சென்ட்டின் குறை என்று நினைக்க வேண்டாம்.

ஐந்தாவது, விலையை ஒரு முறை அடிக்கும் செலவாகப் பாருங்கள். 100 மில்லியில் சுமார் 1,000 முறை அடிக்கலாம். 30 ஆயிரம் ரூபாய் பாட்டில் என்றால் ஒரு முறைக்கு 30 ரூபாய், 3 ஆயிரம் ரூபாய் பாட்டில் என்றால் 3 ரூபாய். ஆனால் மலிவான சென்ட் ஒரு மணி நேரத்தில் மறைந்து, நாளுக்கு நான்கு தடவை அடிக்க வேண்டி வந்தால் இந்தக் கணக்கு மாறிவிடும்.

போலியில் என்ன ஆபத்து?

இந்தியாவில் சென்ட் ஒரு அழகுசாதனப் பொருள். 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருட்கள் விதிகள் இதற்குப் பொருந்தும். தயாரிப்பாளர் பெயர், முகவரி, உரிம எண், பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதெல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, பதிவு எண்ணும் இருக்க வேண்டும்.

போலி பாட்டிலில் இருக்கும் முகவரியை நம்ப முடியாது. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. தோலில் அரிப்போ தடிப்போ வந்தால் யாரிடம் போய்க் கேட்பது? அசல் சென்ட்டே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. எந்த சென்ட்டாக இருந்தாலும் முழங்கையின் உள்பக்கம் ஒரு துளி தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது நல்லது. காயத்தின் மீதும் சவரம் செய்தவுடனும் அடிக்க வேண்டாம்.

அத்தர் வாங்கலாமா?

வாங்கலாம். உத்தரப் பிரதேசத்தின் கன்னௌஜ் நகரம் இதற்குப் பேர் போனது. செம்புப் பானையில் பூவைக் கொதிக்க வைத்து, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவது அங்கே பழைய முறை. மழை பெய்த மண் வாசத்தைக்கூட அத்தராக எடுக்கிறார்கள். கன்னௌஜ் வாசனைத் திரவியத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆல்கஹால் இல்லாததால் அத்தர் மெதுவாக ஆவியாகும், இரண்டு துளி போதும்.

ஆனால் சந்தன எண்ணெய் விலை ஏறிவிட்டதால், இப்போது பல அத்தர்களில் அடிப்படையாக இருப்பது திரவ பாரஃபின் போன்ற மலிவான எண்ணெய்கள். 100 ரூபாய்க்கு 'சுத்த ரோஜா அத்தர்' என்றால் நம்ப வேண்டாம். ஒரு கிலோ எண்ணெய்க்கு 3 டன் பூ என்ற கணக்கை நினைத்துக்கொண்டால் போதும்.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது?

ஆன்லைனில் வாங்கும்போது விற்பவரின் பெயரும் முகவரியும் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 2020ஆம் ஆண்டின் மின் வணிக விதிகள்படி அவை இருக்க வேண்டும். புகார் கொடுத்தால் 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகப் பதில் வர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு வர வேண்டும்.

பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். நிறுவனம் கைவிரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைக்கலாம். மலையில் இருந்துகொண்டு கடைக்காரரைத் தேடி நேரில் அலைய வேண்டியதில்லை.

சுருக்கமாகச் சொன்னால், 30 ஆயிரம் ரூபாய் சென்ட்டுக்கு அச்சு அசலான மாற்று கிடைக்காது. ஆனால் பக்கத்தில் நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாத அளவுக்கு நெருக்கமான ஒன்று, நேர்மையான லேபிளோடு, பத்து நாள் கூலிக்குள் கிடைக்கும். 'பெரிய பிராண்ட், 1,500 ரூபாய், இன்று மட்டும்' என்று யாராவது சொன்னால் மட்டும் கையைப் பாக்கெட்டில் இருந்து எடுக்க வேண்டாம்.