கழுகு ஆந்தை: காட்டிலும் கூண்டிலும்

கழுகு ஆந்தை உலகின் மிகப் பெரிய ஆந்தை இனங்களுள் ஒன்று. அறிவியல் பெயர் பூபோ பூபோ. மேற்கே ஸ்பெயின், போர்ச்சுகல் தொடங்கி ஐரோப்பாவையும் ஆசியாவையும் கடந்து பசிபிக் கடற்கரை வரை இது பரவியுள்ளது. இந்தியாவின் பாறைக் குன்றுகளில் வாழும் கொம்பன் ஆந்தை இதற்கு மிக நெருங்கிய உறவு. முன்பு அதையும் கழுகு ஆந்தையின் துணையினம் என்றே வைத்திருந்தனர். இப்போது பூபோ பெங்காலென்சிஸ் என்ற தனி இனமாகக் கொள்கின்றனர்.

பெரிய ஆந்தைகளைக் கூண்டில் வைப்பது சரியா, கூண்டிலேயே வளர்ந்த ஆந்தை வெளியே போனால் பிழைக்குமா என்பவை நெடுநாளாகக் கேட்கப்படும் கேள்விகள். நியூயார்க் நகரில் 2023-ஆம் ஆண்டு கூண்டிலிருந்து வெளியேறிய ஃபிளாக்கோ என்ற கழுகு ஆந்தையின் கதை இவற்றுக்கு ஓரளவு விடை தருகிறது. அந்த விடை எளிமையானதாக இல்லை.

உடலும் வாழ்க்கையும்

வளர்ந்த கழுகு ஆந்தை 60 முதல் 75 செ.மீ. வரை நீளம் இருக்கும். விரித்த சிறகுகளின் அகலம் ஒன்றரை மீட்டரைத் தாண்டும். பெண் பறவை ஆணைவிடப் பெரியது. சில பெண் பறவைகள் 4 கிலோவுக்கு மேல் எடையுள்ளவை. தலையின் இரு பக்கமும் கொம்பு போல நிற்பவை இறகுக் கற்றைகளே, காதுகள் அல்ல. உண்மையான காதுத் துளைகள் தலையின் பக்கவாட்டில் இறகுகளுக்குள் மறைந்துள்ளன.

செம்மஞ்சள் நிறக் கண்கள் குழல் போன்ற வடிவில் மண்டையோட்டில் பதிந்திருப்பதால், நம்மைப் போல விழியை மட்டும் உருட்டிப் பார்க்க ஆந்தையால் முடியாது. அந்தக் குறையைக் கழுத்து ஈடு செய்கிறது. மனிதக் கழுத்தில் 7 எலும்புகள் என்றால் ஆந்தையின் கழுத்தில் 14. அதனால் தலையை ஒரு பக்கமாக 270 பாகை வரை திருப்ப முடிகிறது. முழு வட்டமும் சுற்றும் என்று சிலர் சொல்வது மிகை. சிறகின் முன் விளிம்பில் சீப்பின் பற்கள் போன்ற அமைப்பு உண்டு. இது காற்றைச் சிறு சிறு இழைகளாகப் பிரித்துவிடுவதால் பறக்கும் ஓசை எழுவதில்லை.

எலி, முயல், முள்ளெலி, காகம், புறா எனக் கிடைப்பதை உண்ணும். செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாக்கிப் பின்னர் வாய்வழியே உமிழ்ந்துவிடும். இந்த உமிழ் உருண்டைகளைப் பிரித்துப் பார்த்தே ஒரு பகுதியின் ஆந்தைகள் எதைத் தின்கின்றன என்பதை ஆய்வாளர்கள் அறிகின்றனர்.

கூண்டு தருவதும் எடுப்பதும்

காட்டில் கழுகு ஆந்தை 20 ஆண்டு வாழ்ந்தால் அது நீண்ட ஆயுள். மின்கம்பியில் அடிபட்டும், வண்டிகளில் மோதியும், நஞ்சுண்டும் இறப்பவை பல. கூண்டில் 60 ஆண்டு வரை வாழ்ந்ததாகப் பதிவுகள் உண்டு. இந்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் கூண்டே மேல் என்று தோன்றும். ஆனால் இரவில் தன் எல்லைக்குள் பறந்து, கேட்டு, காத்திருந்து வேட்டையாடுவதற்காகவே அமைந்த உடல் அது. செத்த எலியைத் தட்டில் வைத்தால் வயிறு நிறையும்; அந்த உடலுக்கு வேலை இராது.

மனிதர் கையில் இரை வாங்கித் தனியே வளரும் குஞ்சு, மனிதரையே தன் இனமாக எண்ணத் தொடங்கிவிடும். அப்படி வளர்ந்த பறவையை இணை சேர்ப்பது கடினம். காட்டில் விடுவதும் கடினம்.

ஆயினும் கூண்டு வளர்ப்பால் நன்மையே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. ஜெர்மனியில் வேட்டையாலும் துன்புறுத்தலாலும் இவ்வினம் பெரும்பாலான இடங்களில் அழிந்துபோயிருந்தது. சட்டப் பாதுகாப்போடு, கூண்டில் பிறந்த ஆந்தைகளைத் தொடர்ந்து விடுவித்ததால் இன்று அங்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட இணைகள் வாழ்கின்றன. விடுவிக்கும் நோக்கத்தோடு வளர்ப்பது வேறு, காட்சிக்கு வைப்பது வேறு.

ஃபிளாக்கோ

ஃபிளாக்கோ என்பது ஸ்பானிய மொழியில் ஒல்லியானவன் என்று பொருள்படும். இந்த ஆண் ஆந்தை 2010 மார்ச்சில் அமெரிக்காவின் வட கரோலினாவிலுள்ள ஒரு பறவைப் பூங்காவில் பொரிந்தது. ஒரு வயது நிறையும் முன்னரே நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் உயிரியல் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் இருப்பிடம் மிகச் சிறியது. சுவரில் மலைக்காட்சி வரையப்பட்டிருந்தது. பெரிய வேட்டைப் பறவைக்கு ஓவியத்தில் மலை காட்டியது யாருடைய ஆறுதலுக்காக என்பது தெரியவில்லை.

2023 பிப்ரவரி 2-ஆம் நாள் இரவு, கூண்டின் கம்பி வலையை யாரோ வெட்டியிருந்தது தெரிந்தது. ஆந்தை வெளியே போயிருந்தது. முதலில் நடைபாதையில் திகைத்து உட்கார்ந்திருந்த அதைக் காவலர்கள் சூழ்ந்தனர், அது பறந்துவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் தானாக இரை தேடாத பறவை பட்டினியால் செத்துவிடும் என்பதே எல்லாருடைய அச்சமும். ஊழியர்கள் இரை வைத்த பொறிகளுடன் அதன் பின்னாலேயே அலைந்தனர்.

ஒரு வாரம் சென்றதும் அது உமிழ் உருண்டைகளைக் கக்குவதைக் கண்டனர். எலி பிடித்துத் தின்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. முதல் நாட்களில் கிளையில் தடுமாறி இறங்கிய ஆந்தை நாளடைவில் நன்றாகப் பறந்தது. பிடிக்கும் முயற்சியும் தளர்ந்து, பிறகு கைவிடப்பட்டது. அமெரிக்கக் கண்டத்தில் இவ்வினம் இயற்கையில் இல்லை. ஆகவே இணைக்கு வழியே இல்லை. ஆயினும் 2023-ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் அது பூங்காவை விட்டு நகருக்குள் புகுந்து, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளின் மேல் அமர்ந்து இரவெல்லாம் கூவியது. ஆண் ஆந்தை எல்லை சொல்லவும் துணை அழைக்கவும் கூவுவது வழக்கம்.

2024 பிப்ரவரி 23-ஆம் நாள், ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் முற்றத்தில் விழுந்து கிடந்தது. சற்று நேரத்தில் இறந்தது. கட்டடத்தில் மோதியிருக்கும் என்றே முதலில் நினைத்தனர். உடலில் பலத்த அடியும் இருந்தது. மார்ச் மாதம் வெளியான உடற்கூறாய்வு முடிவு வேறு இரண்டையும் காட்டியது: புறாக்களைத் தின்றதால் தொற்றிய ஹெர்பெஸ் வைரஸ் உள்ளுறுப்புகளைக் கடுமையாகத் தாக்கியிருந்தது; நான்கு வகை எலி மருந்துகள் உடலில் இருந்தன. கீழே விழாவிட்டாலும் அது பிழைத்திருக்காது என்னும் அளவுக்கு நோய் முற்றியிருந்தது.

எடை 1.89 கிலோ, கூண்டில் கடைசியாக எடுத்த எடை 1.9 கிலோ. ஓராண்டு முழுதும் தன் வயிற்றைத் தானே நிரப்பிக்கொண்டது என்பதற்கு இந்த எண்களே போதும். கூண்டு அதன் வேட்டைத் திறனை அழித்துவிடவில்லை. அது பிடித்த இரையில்தான் நோயும் நஞ்சும் இருந்தன.

எலி மருந்து வேலை செய்யும் விதம்

இந்த மருந்துகள் குருதி உறைவதைத் தடுப்பவை. குருதி உறைவதற்கான புரதங்களைக் கல்லீரல் உருவாக்க வைட்டமின் கே வேண்டும். மருந்து அந்த வைட்டமினை உடல் மீண்டும் பயன்படுத்த விடாமல் செய்கிறது. ஏற்கெனவே உள்ள புரதங்கள் தீரச் சில நாட்கள் ஆகும் என்பதால் எலி உடனே சாவதில்லை. அந்த நாட்களில் அது மேலும் மருந்தைத் தின்னும். சோர்ந்து மெதுவாக நடக்கும். ஆந்தைக்கு எளிதாக அகப்படும். மருந்து கல்லீரலில் மாதக்கணக்கில் தங்குவதால், ஒவ்வோர் எலியோடும் ஆந்தையின் உடலில் நஞ்சு சேர்ந்துகொண்டே போகிறது.

ஃபிளாக்கோ இறந்த ஆண்டின் செப்டம்பரில், எலிகளின் இனப்பெருக்கத்தைத் தடுக்கும் மருந்தை நஞ்சுக்கு மாற்றாகச் சோதித்துப் பார்க்கும் சட்டத்துக்கு நியூயார்க் நகர மன்றம் ஒப்புதல் அளித்தது. மக்கள் அதை ஃபிளாக்கோ சட்டம் என்கின்றனர்.

கொம்பன் ஆந்தை

இந்தியாவில் விற்கப்படும் புரோமடியோலோன் எலி மருந்தும் இதே வகையைச் சேர்ந்ததுதான். வயல்களை ஒட்டிய பாறைகளிலும் புதர்களிலும் வாழும் கொம்பன் ஆந்தையின் உணவில் பெரும்பகுதி எலி இனங்களே என்பதைப் புதுச்சேரிப் பகுதியில் சேகரித்த உமிழ் உருண்டைகளின் ஆய்வு காட்டியுள்ளது. கூகைக்கு எலிச் சூட்டுக்கறி தருவதாகச் சொல்லும் நற்றிணை 83-ஆம் பாடல், இந்த உறவைப் பழந்தமிழர் அறிந்திருந்ததைக் காட்டும்.

ஆந்தைகளைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் இந்திய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி (1972) குற்றம். மாந்திரீகத்துக்காகத் தீபாவளியை ஒட்டி நடக்கும் கள்ளச் சந்தையில் காது போன்ற இறகுக் கற்றையுள்ள பெரிய ஆந்தைகளுக்கே விலை அதிகம்.

கொம்பன் ஆந்தை கூடு கட்டுவதில்லை. பாறை விளிம்பிலோ வெறும் தரையிலோ முட்டையிடும். குஞ்சுகள் பறக்கக் கற்கும் முன்னரே நடந்து வெளியேறிவிடும். அந்த நிலையில் தரையில் நிற்கும் குஞ்சைத் தாயற்றது என்று எண்ணி வீட்டுக்கு எடுத்து வந்துவிடுகின்றனர். பெற்றோர் அருகிலேயே மறைந்திருந்து, இருட்டியதும் இரை கொடுக்கும். காயம் தென்பட்டால் மட்டுமே வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் குஞ்சை அந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.