சொந்தக் குருதியிலிருந்து ஒரு மருந்து

உயர்தர உயிரியலில் நிர்ப்பீடனம் பற்றிப் படித்தபோது எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. கிருமிகளைத் தேடிக் கொல்லும் நமது வெண்குருதிக் கலங்கள், புற்றுநோய்க் கலங்களை மட்டும் ஏன் விட்டுவிடுகின்றன?

புற்றுநோய்க் கலம் வெளியிலிருந்து வந்த பகைவன் அல்ல. நமது உடலின் கலமே கட்டுப்பாடிழந்து பெருகுகிறது. தேயிலைக் கன்றைப் போலவே தோன்றும் களையை, களை எடுப்பவர் எப்படி அறிவார்? நமது ரி கலங்களின் நிலையும் அதுதான்.

அவற்றுக்குக் களையை அடையாளம் காட்டுவதே ‘கார் ரி’ சிகிச்சை. இந்தக் ‘கார்’ வாகனமல்ல; ஆய்வுகூடத்தில் வடிவமைக்கப்பட்ட ஒரு வாங்கி. முதலில் நோயாளியின் குருதியிலிருந்து ரி கலங்களைப் பிரித்தெடுக்கிறார்கள். நோய் உண்டாக்காதவாறு மாற்றிய வைரசின் மூலம், அந்த வாங்கிக்குரிய பரம்பரையலகை அவற்றினுள் செலுத்துகிறார்கள். பின்னர் அவற்றைப் பெருக்கி, நோயாளிக்கே திரும்ப ஏற்றுகிறார்கள். சில குருதிப் புற்றுநோய்க் கலங்களின் மேற்பரப்பிலுள்ள ‘சீடி 19’ என்ற புரதத்தை அவை இனங்கண்டு தாக்குகின்றன.

அமெரிக்காவில் 2012 இல் எமிலி வைட்ஹெட் என்ற சிறுமி இச்சிகிச்சையால் குணமடைந்தார். 2017 இல் அங்கு அனுமதியும் கிடைத்தது. ஆனால் விலையோ பல இலட்சம் டொலர்.

இங்குதான் மும்பாய் விஞ்ஞானிகள் நுழைந்தார்கள். மும்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் ராகுல் பூர்வார் குழுவினரும் டாட்டா நினைவு வைத்தியசாலையினரும் இணைந்து ‘நெக்ஸ்கார் 19’ ஐ உருவாக்கினர். முந்தைய வாங்கிகளில் எலியின் பிறபொருளெதிரிப் பகுதி இருந்தது. இவர்கள் அதை மனிதப் புரதத்தை ஒத்ததாக மாற்றினர். 2023 ஒக்டோபரில், 15 வயதுக்கு மேற்பட்டோருக்கு இந்தியா அனுமதி வழங்கியது. 64 நோயாளிகள் பங்கேற்ற பரிசோதனையில், மதிப்பிடப்பட்டோரில் 73 வீதமானோர் பலன் பெற்றதாக 2025 இல் அறிவிக்கப்பட்டது.

இது எல்லாப் புற்றுநோய்க்குமான மருந்தல்ல. வழமையான சிகிச்சைக்குப் பின்னும் நோய் திரும்பியவர்களுக்கே பெரும்பாலும் கொடுக்கப்படுகிறது. கடும் காய்ச்சலும் குருதியமுக்க வீழ்ச்சியும் ஏற்படலாம். சீடி 19 உள்ள நல்ல கலங்களும் அழிவதால் தொற்றுநோய் அபாயமும் உண்டு. அறிமுகமானபோது விலை அமெரிக்காவில் இருந்ததன் பத்திலொரு பங்களவே என்றாலும், ஏறக்குறைய 40 இலட்சம் இந்திய ரூபாயாக இருந்தது. நம் பணத்தில் அது ஒரு கோடியைத் தாண்டியது. தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தாய்க்கும் கொட்டகலையில் சிறு கடை நடத்தும் தந்தைக்கும் அது எட்டாத தொகை.

ஆகவே பெற்றோரே, இன்று நம் கைக்கு எட்டுவதைத் தவறவிட வேண்டாம். நீங்காத காய்ச்சல், காரணமில்லாத கட்டி, மெலிவு என்றால் வைத்தியரிடம் காட்டுங்கள். மகரகம அபேக்‌ஷா வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். பயணம் நீண்டதுதான், ஆனால் தாமதம் அதைவிடக் கொடியது.

தோழியரே, விலையைக் குறைத்தது பேரம் அல்ல, ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தின் பல்லாண்டு உழைப்பு. மீதி விலையைக் குறைக்க இன்னும் ஆய்வாளர்கள் தேவை. அந்த இடத்துக்கு மலையகத்திலிருந்தும் ஒருத்தி போகலாம்.