ஃப்ளைட் கேன்சல் ஆச்சா? ‘ஓகே’ அழுத்துறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சென்னையிலிருந்து கோவைக்கு டிக்கெட் போட்டிருக்கீங்க. கிளம்ப மூணு மணி நேரம் இருக்கும்போது ‘உங்கள் விமானம் ரத்து செய்யப்பட்டது’ என்று எஸ்எம்எஸ் வருது. கூடவே ஒரு லிங்க். திறந்தா மாற்று விமானம், ரீஃபண்ட், கிரெடிட் ஷெல் என்று பட்டன்கள் இருக்கும். அவசரத்துல ஏதோ ஒண்ணை அழுத்திட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிடுவோம்.

ரீஃபண்டுக்கு மேல தனியா ஒரு இழப்பீடு உங்களுக்கு வர வாய்ப்பு இருக்கு. ஆனா அந்த லிங்க் பெரும்பாலும் அதைச் சொல்லாது. நீங்கதான் கேட்டு வாங்கணும்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம்

இந்தியாவில் இதற்கான விதிகளை வகுத்திருப்பது டிஜிசிஏ என்ற விமானப் போக்குவரத்து இயக்குநரகம். அந்த விதிப்படி, விமானம் வெறுமனே தாமதமானா பண இழப்பீடு கிடையாது. தாமதத்துக்குக் கிடைக்கறது வசதிகள்தான்:

- இரண்டரை மணி நேரம் வரையிலான பயணம், 2 மணி நேரத் தாமதம்: சாப்பாடு, சிற்றுண்டி.
- உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல தாமதம்: மாற்று விமானம் அல்லது முழு ரீஃபண்ட்.
- 24 மணி நேரத்துக்கு மேல தாமதம், அல்லது இரவு 8 முதல் அதிகாலை 3 மணிக்குள் கிளம்ப வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல தாமதம்: ஹோட்டல் அறை.

பணமா கிடைக்கறது இரண்டு சூழ்நிலையில. ஒண்ணு, விமானம் ரத்தாகி, அதை 24 மணி நேரத்துக்கு முன்னாடி உங்களுக்குச் சொல்லாம விட்டா. இன்னொண்ணு, கன்ஃபர்ம் டிக்கெட்டோட நேரத்துக்கு வந்தும், சீட் நிரம்பிடுச்சுன்னு உங்களை ஏத்தாம விட்டா.

ரத்தானா எவ்வளவு?

பயண நேரத்தைப் பொறுத்து உச்சவரம்பு மாறும்:

- 1 மணி நேரம் வரை: ரூ.5,000
- 1 முதல் 2 மணி நேரம்: ரூ.7,500
- 2 மணி நேரத்துக்கு மேல்: ரூ.10,000

செய்தித் தலைப்புகள்ல ‘பத்தாயிரம் இழப்பீடு’ என்று மட்டும் போடுவாங்க. விதியில இன்னொரு வரி இருக்கு: இந்தத் தொகை, அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அது.

ஒரு உதாரணம். டிக்கெட் ரூ.3,400. அதுல அடிப்படைக் கட்டணம் 2,300, எரிபொருள் கட்டணம் 400, மீதி 700 வரியும் விமான நிலையக் கட்டணமும். பயணம் ஒண்ணேகால் மணி நேரம், அதனால உச்சவரம்பு 7,500. ஆனா 2,700தான் குறைவு. உங்க இழப்பீடு ரூ.2,700. ரீஃபண்ட் 3,400 சேர்த்தா மொத்தம் ரூ.6,100.

எந்த பட்டன்?

மாற்று விமானம், அல்லது ரீஃபண்ட் பிளஸ் இழப்பீடு. இதுல ஒண்ணுதான் கிடைக்கும். மாற்று விமானத்தை ஏத்துக்கிட்டா பணம் கேட்க முடியாது.

அதனால இப்படி யோசிங்க. ராத்திரி 1,200 ரூபாய்க்கு பஸ் கிடைக்குதுன்னா, 6,100 வாங்கிட்டு பஸ் ஏறலாம். மறுநாள் காலையில டெல்லியில இன்டர்வியூ, வேற நிறுவனத்துல கடைசி நேர டிக்கெட் 14,000 காட்டுதுன்னா, மாற்று விமானமே லாபம். அந்த விமானமும் உங்களுக்கு ஒத்துவர்றதா இருக்கணும். அவங்க தர்றதை அப்படியே ஏத்துக்கணும்னு இல்லை.

கிரெடிட் ஷெல் உங்க விருப்பம் மட்டும்தான். பணமா வேணும்னு கேட்டா பணமாத்தான் தரணும்.

ஏத்தாம விட்டா?

ஒரு மணி நேரத்துக்குள் வேற விமானம் தந்தா இழப்பீடு இல்லை. 24 மணி நேரத்துக்குள் தந்தா, அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையில 200 சதவீதம், அதிகபட்சம் ரூ.10,000. அதுக்கும் மேல போனா 400 சதவீதம், அதிகபட்சம் ரூ.20,000. ‘வேற விமானமே வேண்டாம்’னு நீங்க சொன்னாலும் முழு ரீஃபண்டோட இந்த 400 சதவீதக் கணக்குதான்.

எங்கே மறுப்பாங்க?

மோசமான வானிலை, வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு, பாதுகாப்புப் பிரச்சினை, வேலைநிறுத்தம் மாதிரி நிறுவனத்தின் கையை மீறின காரணம்னா இழப்பீடு கிடையாது. ஆனா விமானம் ரத்தானா டிக்கெட் பணம் திரும்ப வந்தே ஆகணும்.

‘ஆபரேஷனல் ரீசன்’ என்ற ஒரு சொல்லோட மட்டும் விட்டுடாதீங்க. என்ன காரணம்னு எழுத்துல கேளுங்க. 2025 டிசம்பரில் இண்டிகோவின் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தானது நினைவிருக்கும். விமானிகளுக்கான புது ஓய்வு விதிகளுக்கு ஏத்த மாதிரி பணியாளர் திட்டமிடல் இல்லாததுதான் அங்கே முக்கியப் பிரச்சினை. அதை மூடுபனிக் கணக்குல சேர்க்க முடியாது. வானிலைன்னு சொன்னா, அதே நேரத்துல அதே ஊருக்கு மத்த விமானங்கள் கிளம்புச்சான்னு பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க.

இன்னொரு ஓட்டை: புக்கிங்ல தொடர்பு எண் சரியா இல்லைன்னாலும் இழப்பீடு கிடையாது. ஏஜென்ட் மூலமாவோ ஆபீஸ் டிராவல் டெஸ்க் மூலமாவோ போட்டா, உங்க சொந்த மொபைல் நம்பர் பதிவாகியிருக்கான்னு பார்த்துடுங்க.

கேட்கிற வழி

1. எஸ்எம்எஸ், போர்டிங் பாஸ், கட்டண விவரம் உள்ள இன்வாய்ஸ், சாப்பாடு, டாக்ஸி பில்கள் எல்லாத்தையும் சேமிச்சு வைங்க.
2. நிறுவனத்துக்கு மெயில் போடுங்க. பிஎன்ஆர், விமான எண், ரத்து தகவல் வந்த நேரம், நீங்க கணக்கிட்ட தொகை எல்லாம் இருக்கட்டும். ‘தகுந்த இழப்பீடு தரவும்’னு எழுதாம ‘ரூ.2,700 தரவும்’னு எழுதுங்க.
3. பதில் சரியில்லைன்னா அந்த நிறுவனத்தின் நோடல் அதிகாரிக்கு அனுப்புங்க. பிறகு மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் பதிவு செய்யுங்க.
4. அதுக்கும் மசியலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கடைசியா மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்க வசிக்கிற ஊரிலேயே, இரண்டு வருஷத்துக்குள், வக்கீல் இல்லாமலே மனு போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரைன்னா மனுவுக்குக் கட்டணம் இல்லை. கூடுதலா ஆன செலவையும் அங்கே கேட்கலாம்.

இந்த மாசம் பயணம் இருந்தா, இப்பவே இன்வாய்ஸைத் திறந்து அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் எவ்வளவுன்னு குறிச்சு வைங்க. எஸ்எம்எஸ் வர்ற நேரத்துல எந்த பட்டனை அழுத்தணும்னு யோசிக்க அந்த ஒரு தொகை போதும்.