பக்கத்துக் களஞ்சியத்தை இணையம் எப்படித் தெரிவு செய்கிறது?

இணையத்தில் கடை நடத்தும் சகோதரர் ஒருவர் கொட்டேஷன் ஒன்றைக் காட்டினார். “உலகெங்கும் எமக்குத் தரவு நிலையங்கள் உண்டு, உங்கள் வாடிக்கையாளருக்கு மிக அருகிலுள்ளதே பதில் கொடுக்கும்” என்று அதில் எழுதியிருந்தது. வருடக் கட்டணம் சிறியதல்ல. கொடுக்கலாமா என்று கேட்டார்.

முதலில் தூரக் கணக்கைப் பார்ப்போம். ஒளியிழை வடத்தில் தகவல் ஒரு விநாடியில் சுமார் 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2,700 கிலோமீற்றர். போய்வரக் குறைந்தது 27 மில்லிசெக்கன் ஆகும். இலண்டன் என்றால் 87 ஆகும். ஒரு பக்கம் திறப்பதற்குத் தகவல் பல தடவை போய்வர வேண்டும். அதனால்தான் தாமதம் கூடுகிறது.

இதற்காகப் பெரிய கம்பனிகள் பல நாடுகளில் நிலையம் வைத்து, எல்லாவற்றுக்கும் ஒரே முகவரியைக் கொடுக்கின்றன. இந்த முறைக்கு ‘எனிகாஸ்ட்’ என்று பெயர். கூகுள் 2009இல் தொடங்கிய 8.8.8.8 இப்படிப்பட்ட முகவரிதான். “இந்த முகவரி என்னிடம் உண்டு” என்று ஒவ்வொரு நிலையமும் அயல் வலையமைப்புகளுக்கு அறிவிக்கும். அவை தமது இலக்கத்தையும் சேர்த்து அடுத்தவருக்குச் சொல்லும். 1989இல் உருவான ‘பிஜிபி’ என்ற நெறிமுறையே இதை நடத்துகிறது. ஒரு நிலையம் பழுதானால் அதன் அறிவிப்பு விலக்கப்படும். போக்குவரத்து தானாகவே வேறு நிலையத்துக்கு மாறும்.

ஆனால் பிஜிபி கிலோமீற்றரை அளப்பதில்லை. உங்கள் இணைப்புக் கம்பனி முதலில் தனக்கு இலாபமான வழியைப் பார்க்கும். அதில் சமமானால், குறைந்த வலையமைப்புகளைக் கடக்கும் வழியை எடுக்கும். கூரியர்காரர் கொழும்பில் வைத்துத்தான் பொதி பிரிப்பார் என்றால், அக்குறணையிலிருந்து பக்கத்திலுள்ள மாத்தளைக்கு அனுப்பும் பொதியும் கொழும்பு சுற்றித்தானே வரும்? அதேபோல, சென்னையில் நிலையம் இருந்தும் உங்கள் தகவல் சிங்கப்பூருக்குப் போகலாம்.

ஆகவே பணம் கட்டுமுன் நீங்களே சோதியுங்கள். கணினியில் ‘பிங்’ கட்டளையைக் கொடுத்தால் மில்லிசெக்கன் கணக்கு வரும். ஒரு மில்லிசெக்கனுக்கு 100 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதில் 10இல் வந்தால் நிலையம் 1,000 கிலோமீற்றருக்குள்தான் இருக்கிறது. 100ஐத் தாண்டினால், எந்த ஊர் வழியாகப் போகிறது என்று விற்பவரிடம் கேளுங்கள். வாடிக்கையாளர் பாவிக்கும் கைத்தொலைபேசி இணைப்பிலும் இதைச் சோதியுங்கள்; கம்பனிக்குக் கம்பனி வழி மாறும்.

இன்னொன்று: படங்கள் பக்கத்து நிலையத்திலிருந்து வந்தாலும், ஓடரும் இருப்புக் கணக்கும் மூல சேர்வரில் இருக்கலாம். அது எங்கே இருக்கிறது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.