மெய்நிகர் இயந்திரத்தில் பழைய நிரல்மொழிகள்

போர்ட்ரான், கோபோல், ஸ்கீம் போன்ற பழைய நிரல்மொழிகளில் எழுதப்பட்ட நிரல்களை, அவற்றுக்குப் பின்னர் தோன்றிய மெய்நிகர் இயந்திரங்களில் இயங்கச் செய்வது மொழிமாற்றி வடிவமைப்பின் ஒரு பகுதியாகும். மெய்நிகர் இயந்திரம் என்பது மென்பொருளாலேயே அமைந்த ஒரு கணினி. மொழிமாற்றி நிரலை அதற்குரிய பைட்குறியாக மாற்றுகிறது. அந்த மெய்நிகர் இயந்திரம் நிறுவப்பட்ட எந்தக் கணினியிலும் அப்பைட்குறி இயங்கும். இவற்றுள் பரவலாக அறியப்பட்டது 1995இல் வெளிவந்த ஜாவா மெய்நிகர் இயந்திரம்.

தேவை

போர்ட்ரான் 1957இல் வெளியானது. அறிவியல் கணிப்புகளுக்கான பல நிரல் தொகுப்புகள் அதில்தான் எழுதப்பட்டன. 1992இல் வெளிவந்த லாப்பேக் என்னும் நேரியல் இயற்கணிதத் தொகுப்பு அவற்றுள் ஒன்று. நீண்டகாலம் சோதிக்கப்பட்ட இத்தகைய நிரலைக் கையால் திரும்ப எழுதினால் புதிய பிழைகள் நுழையக்கூடும். பழைய நிரலையே மூலமாகக் கொண்டு இயந்திரவழியில் மாற்றுவது இந்த ஆபத்தைக் குறைக்கிறது.

சிக்கல்கள்

ஜாவா மெய்நிகர் இயந்திரம் ஜாவாவின் தேவைகளுக்காக அமைக்கப்பட்டது. பழைய மொழிகளின் விதிகள் அதனுடன் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை.

மாறிகள்: போர்ட்ரானில் ஒரு துணைநிரலுக்கு அனுப்பப்படும் மாறியின் மதிப்பை அத்துணைநிரல் மாற்ற முடியும். ஜாவாவில் மதிப்பின் நகல் மட்டுமே செல்கிறது.

அணிகள்: முதல் வரிசையில் 1, 2 எனவும் இரண்டாவதில் 3, 4 எனவும் உள்ள அணியைப் போர்ட்ரான் நினைவகத்தில் நெடுவரிசைப்படி 1, 3, 2, 4 என வைக்கிறது. ஜாவாவின் இருபரிமாண அணியோ அணிகளின் அணியாகும்.

தாவல்: போர்ட்ரானில் 'கோ டூ' கட்டளை உண்டு. பைட்குறியிலும் உண்டு. இடையிலுள்ள ஜாவா மொழியில் இல்லை.

வால் அழைப்பு: ஒரு சார்பின் கடைசிச் செயலாக அமையும் அழைப்பு, அடுக்கு நினைவகத்தை நிரப்பக்கூடாது என்பது ஸ்கீமின் விதி. ஜாவா மெய்நிகர் இயந்திரம் இதற்கு உறுதி தருவதில்லை.

பதின்ம எண்கள்: கோபோலில் பணக்கணக்கு பதின்ம முறையில் நடக்கிறது. இரும மிதவைப்புள்ளி எண்ணாக 0.1 ரூபாயைப் பத்து முறை கூட்டினால் 1 வராது, 0.9999999999999999 வரும். எனவே ஜாவாவின் பிக்டெசிமல் போன்ற பதின்ம வகை தேவைப்படுகிறது.

தீர்வுகள்

அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் உருவான எஃப்டூஜே என்னும் கருவி போர்ட்ரான் நிரலை ஜாவாவுக்கு மாற்றுகிறது. துணைநிரலில் மாற்றம் பெறும் மாறிகளை அது சிறு பொருள்களுக்குள் பொதிந்து அனுப்புகிறது. அணிகளை ஒருபரிமாணமாக்கி, தொடக்க இடத்தைக் குறிக்கும் எண்ணையும் சேர்த்து அனுப்புகிறது. 'கோ டூ' வரும் இடத்தில் ஒரு போலி அழைப்பை எழுதுகிறது. ஜாவா நிரல் பைட்குறியான பிறகு, வேறொரு கருவி அப்போலி அழைப்பை உண்மையான தாவலாக மாற்றுகிறது. இவ்வழியில் மாற்றப்பட்ட கணித நிரல்கள் அப்பாச்சி ஸ்பார்க்கின் இயந்திரக் கற்றல் பகுதியில், வன்பொருளுக்கென அமைந்த தொகுப்பு கிடைக்காதபோது பயன்படுகின்றன.

1996இல் தொடங்கிய கவா என்னும் ஸ்கீம் செயலாக்கத்தில், முழுமையான வால் அழைப்பைத் தேவைப்படும்போது தேர்ந்துகொள்ளலாம். இதனால் வேகம் ஓரளவு குறைகிறது. 2011இல் ஜாவா 7உடன் வந்த 'இன்வோக்டைனமிக்' கட்டளை, இயக்கநேரத்தில் அழைப்பைத் தீர்மானிக்கும் மொழிகளின் பணியை எளிதாக்கியது.

புதிய மொழிகளுடன் ஒப்பீடு

தமிழ்ச் சொற்களைக் கொண்ட எழில் நிரல்மொழி, முத்தையா அண்ணாமலை பைத்தானில் எழுதிய செயலாக்கத்தின் வழியே இயங்குகிறது. பைத்தான் நிரலும் பைட்குறியாகி ஒரு மெய்நிகர் இயந்திரத்தில் ஓடுவதே. புதிய மொழியை உருவாக்குபவர் தாங்கும் தளத்துக்கு ஏற்பத் தம் விதிகளை அமைத்துக்கொள்ளலாம். பழைய மொழியில் அது இயலாது. ஏற்கெனவே எழுதப்பட்ட நிரல்கள் முன்பு தந்த அதே விடையைத் தரவேண்டும்.